புதன்கிழமைப் படகு

நடுத்திட்டுக் குப்பம்,
பழவேற்காடு வழி.
14-4-1968

பொன்னேரிப் பக்கத்து ஆரணி சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் நர்சம்மா அவர்களுக்கு, நடுத்திட்டுக் குப்பம் ஊர்த் தலைவர் சடையப்பன் எழுதிக்கொள்வது.

இது ஊர்த் தலைவர் எழுதும் கடிதம். அண்ணன் எழுதும் கடிதம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷமாக எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குப்பத்தில் நாற்பது வீடு, இருநூற்று அறுபது பேர். நாலு பக்கமும் ஏரி. டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் பழவேற்காட்டுக்குப் படகில் மூன்று மணி நேரம், அங்கிருந்து பஸ் கிடைத்தால் பொன்னேரி. எதிர்க்காற்று அடித்தால் அன்றைக்குப் போய்ச் சேர முடியாது. போன ஐப்பசியில் வாந்திபேதி வந்து இரண்டு குழந்தைகள் போய்விட்டன. பஞ்சாயத்து யூனியனுக்கு மூன்று மனு போட்டேன். மூன்றுக்கும் பதில் இல்லை.

ஊருக்கு ஒரு நர்சு வேண்டும். வந்துவிட்டுப் போகிற நர்சு இல்லை. இங்கேயே தங்கிப் பிரசவம் பார்க்கிற நர்சு. ஆரணியில் இருக்கும் நர்சம்மா சொன்னால் டாக்டர் கேட்பார் என்று எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். அந்த நர்சம்மா யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இன்னொன்று. செங்கம்மாள் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். நீ இந்தக் கரையில் கால் வைக்கக் கூடாது. அதில் மாற்றமில்லை. வேறு ஆளை அனுப்ப ஏற்பாடு செய்.

இப்படிக்கு,
அ. சடையப்பன், ஊர்த் தலைவர்


ஆரணி,
2-5-1968

மதிப்புக்குரிய ஊர்த் தலைவர் அவர்களுக்கு, நர்சு அஞ்சம்மாள் எழுதுவது.

தலைவருக்கு நர்சு பதில் எழுதுகிறாள். தங்கச்சி எழுதவில்லை. உங்கள் ஆசைப்படியே ஆகட்டும். ஆனால் 'தாங்கள்' என்று ஆரம்பித்து நாலு பாராவில் 'நீ'க்கு வந்துவிட்டீர்கள். அடுத்த கடிதத்தில் கவனமாக இருங்கள்.

டாக்டரிடம் பேசினேன். அவர் மேலதிகாரியிடம் பேசினார். தங்கிப் பிரசவம் பார்க்கிற நர்சுக்கு இந்த வட்டாரத்தில் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. அதை இரண்டு ஊர் கேட்கிறது. ஒன்று உங்கள் குப்பம். இன்னொன்று கவரைப்பேட்டைக்குக் கிழக்கே ஒரு கிராமம். ஆகவே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். ஜூன் முதல் ஆறு மாதம் இரண்டு ஊருக்கும் வாரம் ஒரு நாள் நர்சு போவார். வருகிற நோயாளிகளைப் பதிவேட்டில் எழுதுவார். எந்த ஊரில் நோயாளிகள் அதிகமோ அந்த ஊருக்கு அந்த இடம்.

உங்கள் ஊருக்குப் புதன்கிழமை. பழவேற்காட்டிலிருந்து ரோசம்மாள் என்ற நர்சு வருவார். தங்கமான மனுஷி, ஆனால் தண்ணீர் என்றால் பயம். படகுக்கு உங்கள் ஊர் நாகமுத்துவையே அமர்த்தியிருக்கிறார்கள். நோய்வாய்ப்பட்டவர்களை ஒருவர் விடாமல் அனுப்புங்கள். எல்லாம் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

இனி உங்கள் கடைசிப் பாராவுக்கு வருகிறேன். பிரசவ வலியோடு அண்ணியைப் படகில் ஏற்ற வேண்டும் என்றவள் நான்தான். பயிற்சி முடித்து லீவில் வந்திருந்தேன். நடு ஏரியில் என் மடியில்தான் செங்கம்மாள் உயிர் போனது. எதையும் நான் மறுக்கவில்லை. அதே நிலைமை மறுபடி வந்தால் மறுபடியும் ஏற்றத்தான் சொல்வேன். கோபம் வந்தால் கோபப்படுங்கள்.

அண்ணி விட்டுப்போன பெண் செல்லி எப்படி இருக்கிறாள்? அவள் கல்யாணம் நடந்ததே மீன் சந்தையில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதற்குத் தலைவர் பதில் எழுத வேண்டியதில்லை. வேறு யாராவது எழுதினால் போதும்.

அஞ்சம்மாள்


நடுத்திட்டுக் குப்பம்,
23-6-1968

நர்சம்மாவுக்கு,

முதல் புதன்கிழமை, பன்னிரண்டாம் தேதி, ஒரே ரகளை. படகு கரை தட்டுவதற்குள் நூறு பேர் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். ரோசம்மாளின் குடை ஒடிந்தது. மருந்துப் பெட்டியை யாரோ ஒரு பக்கம் இழுக்க, அவர் ஒரு பக்கம் இழுக்க, களிம்பு டப்பா ஏரிக்குள் போய்விட்டது. குப்பம்மாளை அவள் மகன் தூக்கிக்கொண்டு வந்தான். நாலு மாதமாக இருமுகிறவள் அவள். அவளைத் தள்ளிவிட்டு, வாட்டசாட்டமான ஆண்பிள்ளைகள் முன்னால் போய்ப் பல்வலி என்று வாயைத் திறந்தார்கள். பெரிய குடும்பத்துக்காரன் தள்ளினான், சின்னக் குடும்பத்துக்காரன் விழுந்தான். "இது இன்னா ஊரா, ரவுடிங்க கூட்டமா?" என்று ரோசம்மாள் கேட்டது எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

அடுத்த வாரமே சரி செய்துவிட்டேன். ஊரைக் கூட்டி ஒரு முறை வைத்தேன். இப்போது சத்தமில்லை, சண்டையில்லை. ரோசம்மாள் உட்கார நாற்காலியும் போட்டிருக்கிறோம். இதை உங்கள் டாக்டரிடம் சொல்லலாம்.

செல்லியைப் பற்றி யாராவது எழுதச் சொல்லியிருந்தாய். என் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் எழுதத் தெரியாது, அதனால் நானே எழுதுகிறேன். எருக்கந்திட்டில் அரசப்பன் என்ற பையனுக்குக் கொடுத்திருக்கிறேன். நல்ல பையன். அவள் இப்போது மூன்று மாதம். முதல் பிரசவம் என் வீட்டில்தான். தை பிறக்கையில் நாள் வருகிறது.

அவளைப் படகில் ஏற்ற மாட்டேன். அவள் அம்மாவை ஏற்றியது போதும். அதற்குள் இந்த ஊரில் நர்சு ஒருத்தி இருக்க வேண்டும். கல்யாணம் ஆனவளுக்கு இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் நான் உனக்கு எழுதியதே. மற்றதெல்லாம் ஊர்க் காரணம், இது என் காரணம்.

சடையப்பன்


ஆரணி,
10-11-1968

அண்ணனுக்கு,

தலைவர், நர்சு என்ற விளையாட்டை நிறுத்திக்கொள்வோம். எனக்கு இப்போது அதற்குப் பொறுமையில்லை.

நேற்று அதிகாரி இரண்டு ஊர்ப் பதிவேட்டையும் பார்த்தார். கவரைப்பேட்டைக் கிராமத்தில் காய்ச்சல், காசநோய், சொறி, இரத்தசோகை என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. உங்கள் ஊர்ப் பதிவேட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? 'நலம்.' 'நலம்.' 'நலம்.' 'சத்து டானிக் கொடுக்கப்பட்டது.' ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை அருணகிரி வீட்டிலிருந்து பதினோரு பேர் வந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அதிகாரி சிரித்தார். "இவங்களுக்கு நர்ஸ் எதுக்கும்மா? இவங்களை மிலிட்டரிக்கு அனுப்பலாம்" என்றார். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

ரோசம்மாளைக் கேட்டேன். "நான் இன்னா பண்ணட்டும் அஞ்சம்மா? வர்ரவங்க எல்லாம் கல்லு மாதிரி இருக்கிறாங்க. ஒண்ணுமில்லை, போங்கன்னா போக மாட்டேங்கிறாங்க. 'எங்க பாட்டை வீணாக்கச் சொல்றியா? போடு ஊசிய'ன்னு கைய நீட்டிக்கினு நிக்கிறாங்க" என்றார். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே ஊறிப்போனவர். ஆனாலும் பாடு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைக் கேட்டதும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மாதக் கூட்டத்தில் ரோசம்மாள் ஒவ்வொரு தடவையும் "உங்க ஊருக்காரங்களுக்கு நோயே கிடையாது" என்று சொல்வார். ஏரிக் காற்று அப்படி என்று நானும் பெருமையடித்துக்கொண்டேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அது என் தப்பு.

டிசம்பர் கடைசியில் முடிவு சொல்கிறார்கள். இப்போதைக்கு இடம் கவரைப்பேட்டைக்குத்தான். உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் வைத்த முறை என்ன?

அஞ்சம்மாள்


நடுத்திட்டுக் குப்பம்,
15-11-1968

அஞ்சம்மாளுக்கு,

குற்றவாளியை விசாரிப்பது போல எழுதியிருக்கிறாய். நான் ஒளித்து ஒன்றும் செய்யவில்லை. பாடு வைத்தேன். வேறென்ன வைப்பேன்?

ஆரணித் தண்ணீர் குடித்துப் பாடு என்றால் என்னவென்றே மறந்துவிட்டாய் போலிருக்கிறது, சொல்கிறேன். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடம் நமக்கு இரண்டுதான். எல்லாரும் ஒரே நாளில் போனால் வலை கிழியும், மண்டை உடையும். ஆகவே அங்கே நாளுக்கு இரண்டு வீடு, மற்றவர்கள் ஏரியில் வேறு இடத்தில் வலை போடுவார்கள். நாற்பது வீட்டுக்கும் சுற்றி வர இருபது நாள். உன் நாளில் நீ போகலாம், என் நாளில் நான் போகலாம். விட்டால் போச்சு. இன்னொருவனுக்குக் கொடுக்கவும் கூடாது, மாற்றிக்கொள்ளவும் கூடாது, ஏனென்றால் அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். நம் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊர் அடித்துக்கொண்டு சாகாமல் இருப்பது இதனால்தான்.

நர்சும் அப்படித்தான். வாரம் ஒரு நாள் வருவது, எல்லாருக்கும் வேண்டியது. புதனுக்கு இரண்டு வீடு, சீட்டுக் குலுக்கிப் போட்டேன். என் வீட்டுக்குப் புரட்டாசியில் வந்தது. எனக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் போய்க் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். தலைவனே தன் பாட்டை விட்டால் முறைக்கு என்ன மரியாதை? குப்பம்மாளின் இருமல் எனக்குக் கேட்காமலா இருக்கிறது? அவள் வீட்டுச் சீட்டு கடைசியில் வந்தது. போன மாதம் முப்பதாம் தேதி அவள் முறை. அன்றைக்குப் பார்த்துப் புயல், படகு வரவில்லை. அது யார் குற்றம்?

நீ வந்து பார்த்திருந்தால் தெரியும், அந்த முதல் புதன்கிழமை. யார் பலசாலியோ அவனுக்கே நர்சு என்று விட்டுவிடச் சொல்கிறாயா? நியாயம் வேறு எப்படிச் செய்வது என்று நீ சொல்லு, கேட்டுக்கொள்கிறேன்.

செல்லி பத்து நாளாக இங்கே இருக்கிறாள். காலிரண்டும் வீங்கியிருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிக்கு வீங்கும்தான் என்று பக்கத்து வீட்டுத் தாயாரம்மாள் சொல்கிறாள். ஆனால் முகமும் கொஞ்சம் ஊதியிருக்கிறது, விரலில் மோதிரம் கழலவில்லை, சோப்புப் போட்டும் வரவில்லை. காலையில் தலைவலி என்று படுத்துக்கொள்கிறாள். ரோசம்மாளிடம் காட்டலாம் என்றால் அவளுக்குப் பாடு இல்லை. கட்டிக்கொடுத்த பெண் என் வீட்டுக் கணக்கில் வரமாட்டாள். அவள் புருஷன் வீடு எருக்கந்திட்டில், அங்கே நர்சே போவதில்லை. என் பெண் என்பதற்காக நான் முறையை மீறினால் நாளைக்கு எவன் என் பேச்சைக் கேட்பான்? கார்த்திகை முடிந்து இரண்டாம் சுற்றில் ஏதாவது வழி பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

சடையப்பன்


ஆரணி,
21-11-1968

அண்ணா,

உங்கள் கடிதம் நேற்றுச் சாயங்காலம் கிடைத்தது. பதிவேடு, கவரைப்பேட்டை எல்லாம் அப்புறம். செல்லிக்கு வந்திருப்பது சும்மா வீக்கம் இல்லை. இரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது. முகம் ஊதி, மோதிரம் கழலாமல், தலைவலியும் சேர்ந்தால் அடுத்தது வலிப்பு. வலிப்பு வந்தால் தாய் போவாள், பிள்ளையும் போகும். இதைப் பூசி மெழுகி எழுத எனக்கு நேரமில்லை.

சாப்பாட்டில் உப்பு வேண்டாம், கருவாடு கண்ணிலும் காட்டாதீர்கள். இடது பக்கமாகப் படுக்க வைத்து ஓய்வு கொடுங்கள். கண் மங்கலாகத் தெரிகிறது என்றாலோ, மேல் வயிற்றில் வலி என்றாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காமல் புறப்படுங்கள். இந்தக் கடிதம் கண்டதும் அவளைப் படகில் ஏற்றி அனுப்பினால் உங்கள் காலில் விழுவேன். அனுப்ப மாட்டீர்கள். எனக்குத் தெரியும்.

தனிப் படகு கேட்டுப் பார்த்தேன். இந்த மழைக்கு ஒருவரும் வர மாட்டேன் என்கிறார்கள். ஆகவே 27-ம் தேதி புதன்கிழமைப் படகில் ரோசம்மாளோடு நானும் வருகிறேன். உங்கள் கரையில் கால் வைக்க மாட்டேன். படகிலேயே உட்கார்ந்திருப்பேன். செல்லியைப் படகுக்குக் கொண்டுவாருங்கள், அங்கேயே பார்க்கிறேன். ஏரி உங்கள் ஊருக்குச் சொந்தமில்லை. அதில் நான் இருக்கலாம்.

அவளுக்குப் பாடு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, உங்கள் நாற்பது வீட்டுக் கணக்கில் எந்தப் பெண்ணுக்குத்தான் பாடு இருந்தது? வலைக்கு அது சரியாக இருக்கலாம். நோய் சீட்டுக் குலுக்கிப் பார்த்துவிட்டு வருவதில்லை.

அஞ்சம்மாள்


சென்னை,
3-12-1968

அண்ணா,

சனிக்கிழமை விடியற்காலை செல்லிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றே முக்கால் பவுண்டு. ஒரு மாதத்துக்கு மேல் முன்னாலேயே வந்துவிட்டது. பஞ்சு வைத்துச் சுற்றி வைத்திருக்கிறோம், சொட்டுச் சொட்டாகத்தான் பால் இறங்குகிறது. ஆனால் குரல் நன்றாக இருக்கிறது. வார்டு முழுக்கக் கேட்கிறது. செல்லி பிழைத்துவிட்டாள். முதலில் இதைப் படித்துவிட்டு மூச்சு விடுங்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவளுக்கு ஒரு வலிப்பு வந்தது. நாம் வந்து சேர்ந்த மறுநாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்ததால் பிழைத்தாள். அதே வலிப்பு குப்பத்தில் வந்திருந்தால் என்னாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அன்றைக்கு இடுப்பளவு தண்ணீரில் செல்லியைப் பெண்கள் தாங்கிக்கொண்டு வந்து படகில் ஏற்றியதும், நான் கொதிப்புப் பார்த்து நூற்று எழுபது என்றதும், எதிர்க்காற்றில் ஒற்றை ஆளாகக் கோல் போட முடியாது என்று நாகமுத்து கையை விரித்ததும் நீங்கள் பார்த்ததுதான். ஊரில் ஆண்பிள்ளைகள் ஒருவரும் இல்லை, எல்லாரும் வலைக்குப் போயிருந்தார்கள். நீங்கள் கரையில் நின்றீர்கள். எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை, எனக்கு அது ஒரு வருஷம். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து இரண்டாவது கோலை எடுத்தீர்கள். பழவேற்காடு வரைக்கும் மூன்றரை மணி நேரம் கோலைக் கீழே வைக்கவில்லை. ஐஸ் லாரியில் பொன்னேரி வரைக்கும் வந்தீர்கள். அங்கே டாக்டர் சென்னைக்கு அனுப்பியபோதும் கூடவே ஏறினீர்கள்.

ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துவிட்டு எங்கே போனீர்கள்? கண்ணைத் திறந்ததும் செல்லி கேட்டது இதுதான். "நைனா எங்க அத்தை? என் மேல கோவமா?" என்கிறாள். அதற்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை உங்கள் பாடு என்று நாகமுத்து படகில் சொன்னான். அதை விட்டுவிட்டா வந்தீர்கள்?

அஞ்சம்மாள்


நடுத்திட்டுக் குப்பம்,
9-12-1968

அஞ்சம்மாளுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் முன்னாலேயே பிரித்துப் படித்தேன். பிறகு செல்லிக்குப் பெண் பிறந்தது என்று ஊருக்குச் சொன்னேன். யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. தாயாரம்மாள்தான் திருப்பிச் சொன்னாள்.

முதலில் ஊர்ச் சமாசாரம். ஞாயிற்றுக்கிழமை, முதல் தேதி, கங்கையம்மன் கோயில் எதிரில் கூட்டம் போட்டேன். செல்லிக்குப் பாடு இல்லாமல் நர்சிடம் காட்டியது நான் செய்த மீறல் என்று நானே சொன்னேன். மீறினவன் தன் அடுத்த பாட்டை இழக்க வேண்டும், அதை வேறு வீட்டுக்கு விட வேண்டும் என்பது முறை. பதினேழாம் தேதி வருகிற என் பாட்டை அருணகிரி வீட்டுக்கு விட்டேன். அருணகிரி வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னான். இரண்டாவது தடவை சொல்வதற்குள் எந்த இடம் என்று கேட்டுக்கொண்டான்.

அதோடு நர்சுப் பாட்டை எடுத்துவிட்டேன். அப்படியானால் யார் முதலில் போவது, யாருக்கு நோய் அதிகம் என்று யார் சொல்வது என்று ஆண்பிள்ளைகள் ஒரு மணி நேரம் கத்தினார்கள். தாயாரம்மாள் ஓரத்தில் வலை கோத்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, "எந்த ஊட்ல யாரு அனத்திக்கினு கெடக்கிறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? நீங்க ஏரியில இருக்கிறீங்க. பாத்துக்கினு இருக்கிறவங்க நாங்க. நாங்க சொல்றோம்" என்றாள். ஊர்க்கூட்டத்தில் ஒரு பெண் பேசியது இதுதான் முதல் தடவை. ஏரி வற்றிப்போய்விடவில்லை. இப்போது அவளும் இன்னும் இரண்டு பெண்களும் செவ்வாய்க்கிழமை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, யார் போக வேண்டும் என்று சொல்கிறார்கள். நாலாம் தேதி பத்தொன்பது பேர் போனார்கள். முதலில் போனது குப்பம்மாள். அவள் சளியை ஒரு புட்டியில் எடுத்துப் போயிருக்கிறார் ரோசம்மாள்.

இனி நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், அன்றைக்கு என் பாடு. எட்டு வருஷத்துக்கு முன்னால் செங்கம்மாளுக்கு வலி எடுத்த அன்றைக்கும் என் பாடுதான்.

நாகமுத்து விடியற்காலையிலேயே ஒற்றையாள் ஓடத்தில் வந்து என்னிடம் சொன்னான். "அண்ணிக்கு ரத்தம் போய்க்கினே இருக்குது, பெரிய படகை எடுத்துக்கினு உடனே வரணுமாம், அஞ்சம்மா சொல்லுச்சி." நான் வலையைப் பார்த்தேன். அன்றைக்கென்று பார்த்து இறால் ஏறிக்கொண்டிருந்தது. இதை விட்டால் இன்னும் இருபது நாள் என்று மனம் கணக்குப் போட்டது. "எடுத்துட்டு வந்துர்றேன், நீ போ" என்றேன். வந்தபோது உச்சிப் பொழுது. அந்த நேரத்துக்கு நீங்கள் பழவேற்காட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

படகில் ஏற்றியதால் செத்தாள் என்று ஊருக்குச் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அது பொய் என்று ஞாபகம் வரும். அதனால்தான் உன்னைப் பார்க்காமல் இருக்கத் தடை போட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் திரும்பியதும் இதற்குத்தான். செல்லிக்கும் அப்படியே ஆகிவிட்டால் அந்தச் சேதியை நின்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். செல்லியிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

சடையப்பன்


ஆரணி,
20-12-1968

அண்ணா,

செல்லியும் குழந்தையும் என்னோடு ஆரணிக்கு வந்துவிட்டார்கள். குழந்தை நாலரைப் பவுண்டைத் தாண்டிவிட்டது. மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனார். தூக்கப் பயந்து, தள்ளி நின்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

நீங்கள் எழுதியது எனக்குப் புதிதில்லை. நாகமுத்து அன்றைக்குச் சாயங்காலமே என்னிடம் சொல்லி அழுதான். மூன்றாம் நாள் ஊர் நடுவில் வைத்து நீங்கள் என்னைப் போகச் சொன்னபோது நான் வாயைத் திறந்திருக்கலாம். பதினோரு வயதுப் பெண் செல்லி உங்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயைப் பறிகொடுத்தவளுக்குத் தகப்பனையும் இல்லாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்காக இல்லை, அவளுக்காக. எப்போதாவது நீங்களே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். இத்தனை வருஷம் ஆகும் என்று நினைக்கவில்லை. கோபம் போய்விட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. முழுதாகப் போகவில்லை. போய்க்கொண்டிருக்கிறது.

செல்லியிடம் நான் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

இனி ஊர்ச் சமாசாரம். டாக்டரும் நானும் அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். பாடு என்றால் என்னவென்று சொல்லிப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது. நோயாளிகள் தங்கள் முறை வருவதற்காகக் காத்திருந்தார்கள், நோயில்லாதவர்கள் முறை வீணாகக் கூடாது என்று வந்தார்கள் என்றதும் அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த மாதப் பதிவேட்டைக் காட்டினேன். மூன்று புதன்கிழமையில் ஐம்பத்தாறு பேர். குப்பம்மாளுக்குக் காசநோய் என்று சோதனையில் தெரிந்துவிட்டது. மருந்து ஆரம்பித்தாகிவிட்டது. அவள் வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குச் சந்தேகம்.

கவரைப்பேட்டைக் கிராமத்துக்குச் சாலை இருக்கிறது, பஸ் போகிறது. அங்கே வாரம் இரண்டு நாள் நர்சு போவார். தங்கும் நர்சு உங்கள் ஊருக்கு. ஒரு வருஷம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்கள். ஊர் ஓர் அறை கொடுக்க வேண்டும். சிமென்ட் தரை, கட்டில் நுழைகிற அகலத்துக்குக் கதவு. ஆனால் தீவுக்குப் போக எந்த நர்சும் சம்மதிக்கவில்லை. ரோசம்மாள் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

நான் என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வருகிற நர்சுக்கு ஊர்த் தலைவர் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்த ஊரில் கால் வைக்க எனக்குத் தடை இருக்கிறது என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. முடிவு உங்களுடையது. மாட்டேன் என்றால் அந்த இடம் போய்விடும். அதையும் சொல்லிவிட வேண்டியது என் கடமை.

அஞ்சம்மாள்


நடுத்திட்டுக் குப்பம்,
31-12-1968

தங்கச்சிக்கு அண்ணன் எழுதியது.

ஊர்த் தலைவர் சம்மதம் தனித் தாளில் இருக்கிறது. நானும் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். தாயாரம்மாளும் கைநாட்டு வைத்திருக்கிறாள். பெண்களின் கைநாட்டு வேண்டுமா என்று அதிகாரி கேட்டால் வேண்டும் என்று சொல்.

அறை என் வீட்டு முன்பக்கம். செங்கம்மாள் இருந்த அறை. சிமென்ட் பழவேற்காட்டிலிருந்து மூன்று படகில் வந்தது, தரை காய்ந்துகொண்டிருக்கிறது. கதவை இடித்து அகலப்படுத்தியாயிற்று. கட்டில் நுழைகிறதா என்று நாலு பேர் தாயாரம்மாளின் கட்டிலைத் தூக்கி வந்து பார்த்தார்கள். நுழைகிறது.

செல்லியிடம் நானே சொல்கிறேன். அவள் வந்து இரண்டு நாள் போகட்டும். எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. நீ பக்கத்தில் இரு.

மூன்று பேரும் சேர்ந்தே வாருங்கள். புதன்கிழமை வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதே. வருகிற ஆறாம் தேதி திங்கட்கிழமை என் பாடு. அன்றைக்கே வாருங்கள். விடியும்போதே நான் பெரிய படகோடு பழவேற்காட்டுக் கரையில் நிற்பேன்.

அண்ணன்
சடையப்பன்